வீட்டிலேயே காசநோய்ச் சிகிச்சை: தொற்று பரவாதா?

கேள்வி: ஒரே அறையில் குடும்பமே வாழும் ஏழை வீட்டில் காசநோயாளியை வைத்து மருந்து கொடுத்தால் மற்றவர்களுக்கும் தொற்றிவிடாதா? 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு என்ன விடை கண்டது?

மறுமொழி 1: பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சானடோரியத்தில் உணவும் ஓய்வும் மேலாக இருந்தும், குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை; வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

மறுமொழி 2: நோய் கண்டறியப்படும் முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது என்பதே வீட்டாருக்குக் கூடுதலாகப் பரவாததற்கு முக்கியக் காரணம். ஆனால் நோயாளிகள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று பார்க்க, அந்தக் குழுவினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அந்த உழைப்பை விட்டுவிட்டு முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது சரியன்று.

கேட்டவர்: நன்றி. அப்படியானால் தாமதமின்றி நோயைக் கண்டறிவதற்கே முதலில் செலவிட வேண்டும்.