பஃபரிங்: தொட்டி நிரம்புவதா, காலியாவதா?

கோத்தகிரியிலிருந்து, சனி இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புகாராகத் தொடங்கிய மடல் இது. எழுத எழுதச் சொல் விவாதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் வீட்டில் புதிதாக ஒரு ஓடிடி சேவையைச் சோதித்துப் பார்த்தோம். முதல் மாதம் இலவசம் என்றார்கள். அத்தைக்கும் பொழுது போகவேண்டும். மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி எதிரே இருந்த தேயிலைத் தோட்டம் காணாமல் போயிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடம் அருமையாக ஓடியது. கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிறாள், அப்படியே நின்றுவிட்டாள். திரை நடுவே வட்டம்.

"என்னம்மா சுத்துது?" என்றார் அத்தை.

"பஃபரிங் அத்தை."

"அப்படின்னா?"

நம் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் வேறு, நாம் புழங்கும் நேரம் வேறு, அதனால்தானே மாடியில் தொட்டி வைத்திருக்கிறோம், அதே மாதிரி இந்தப் பெட்டியும் படத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கித் தொட்டியில் வைத்துக்கொண்டு காட்டுகிறது, அதற்குத்தான் பஃபரிங் என்று பெயர் என்றேன். அத்தை ஒரு கணம் யோசித்தார். "அப்போ இப்ப தொட்டி காலின்னுதானே சொல்லணும்? நிரப்புறதுக்குப் பேரு வச்சுட்டு, தீர்ந்துபோனா அதே பேரைச் சொல்றியே!"

எட்டாம் வகுப்புவரை படித்தவர். நானோ இரண்டு வருடமாகக் கட்டற்ற காணொளி இயக்கி (படத்தை ஓட்டிக் காட்டும் மென்பொருள்) ஒன்றின் இடைமுகத்தை, அதாவது திரையில் வரும் சொற்களை, தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு உறைக்கவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் முன்பு நாமும் சரியாகத்தான் சொன்னோம். 2008, 2009 வாக்கில் யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு, உடனே நிறுத்தி வைத்துவிட்டு, கீழே எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் கோடு முன்னேறும்வரை காபி போடப் போவோம். "கொஞ்சம் பஃபர் ஆகட்டும்" என்போம். அது நல்ல காரியம். இன்றைக்கு "பஃபர் ஆகுது" என்றால் கெட்ட செய்தி. சொல் மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் முழுதாக வருவதில்லை. சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தெளிவு கூடியது, குறைந்தது என்று பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த முறையும், 2012-இல் சர்வதேசத் தரமாக வந்த டேஷ் முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. முந்தைய துண்டு எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று இயக்கியே முடிவு செய்யும். வந்த துண்டுகள் வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசைதான் பஃபர்.

ஒரு கணக்கு. முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும் என்று நெட்பிளிக்ஸ் சொல்கிறது. கையிருப்பில் 30 நொடிப் படம் இருக்கிறது, வரத்து திடீரென 3 மெகாபிட்டாகக் குறைந்துவிட்டது, தரத்தையும் குறைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நொடியும் ஒரு நொடிப் படம் செலவாகிறது, 0.6 நொடிப் படம்தான் உள்ளே வருகிறது. 75 நொடியில் தொட்டி காலி. கடிதம் பிரிபடாமல் நின்றது இப்படித்தான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பஃபருக்குக் கணினித் தமிழில் ஏற்கெனவே 'இடையகம்' இருக்கிறது. அதிலிருந்து 'இடையகப்படுத்தல்' என்று ஒன்றைச் செய்து என் தமிழாக்கக் கோப்பிலும் போட்டுவைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இடையகம் அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. அதோடு 'படுத்தல்' சேர்ந்தால் நம்மைத்தான் படுத்துகிறது.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். இருப்புக்குத் 'தேக்கம்', நின்றுபோவதற்குத் 'திக்கல்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை. அடிக்க வருபவர்கள் வரலாம்.

ஊட்டியிலிருந்து, ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவன் நான். இப்படி ஒரு கேள்வியை வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

> இருப்புக்குத் 'தேக்கம்'

இது வேண்டாம். செய்தித்தாளைப் பிரியுங்கள்: வழக்குகள் தேக்கம், பச்சைத் தேயிலை தேக்கம், பொருளாதாரத் தேக்கம். ஓடவேண்டியது ஓடாமல் கிடப்பதைத்தான் இன்று தேக்கம் என்கிறோம். தாங்கள் பிரிக்க நினைத்த இரண்டையும் அது மறுபடி ஒட்டிவிடும். 'தேக்கி வைத்தல்' என்ற வினை நல்லது, பெயர் மட்டும் கெட்டுப்போய்விட்டது.

எனக்குத் தோன்றுவது 'தாங்கல்'. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் தாங்கல் கரைசல் என்று பிள்ளைகள் படிப்பதும் இதே பஃபர்தான். அமிலமோ காரமோ கொஞ்சம் விழுந்தாலும் நிலை மாறாமல் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இடி தாங்குவதில்தான். பழைய ரயில் பெட்டிகளின் முனையில் இரண்டு வட்டத் தட்டுகள் முட்டிக்கொண்டு நிற்குமே, அவற்றுக்குத்தான் பஃபர் என்று பெயர்.

சுவையான செய்தி இனிமேல்தான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் அப்படி வந்த பெயர்கள். மழை பெய்யும்போது வாங்கி வைத்து, வயலுக்கு வேண்டும்போது விடும் நீர்நிலை. ஆகவே இடியைத் தாங்குவது, நீரைத் தாங்கி வைப்பது என்று தங்களுக்கு வேண்டிய இரண்டும் தமிழில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு இதில் முதல் பாதிதான் உண்டு.

மலையில் ஏரிச் சொல் எடுபடுமா என்று கேட்பீர்கள். கிளென்மார்கன் அணையைப் பார்த்திருப்பீர்கள். பைக்காராத் தண்ணீர் அங்கே வந்து நின்று, பிறகு குழாயில் இறங்கிச் சிங்காரா மின்நிலையத்துக்குப் போகிறது. 1932-லிருந்து நடக்கிற காரியம். கீழே மின்சாரத் தேவை ஏறினாலும் இறங்கினாலும் ஈடுகொடுக்க மேலே தயாராகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. அதைத் தாங்கல் என்று நாம் அழைக்கவில்லையே தவிர, அது தாங்கல்தான்.

'திக்கல்' பற்றி இன்னொரு நாள். அதுவும் எனக்கு ஒப்புதலில்லை.

குன்னூரிலிருந்து, ஞாயிறு மதியம்

அக்கா, ஐயா, வணக்கம். நான் இலக்கணம் தெரிந்தவன் இல்லை. வீடு வீடாகப் போய் இணைப்புக் கொடுக்கிறவன், அதனால் வாடிக்கையாளர் வாயில் வருவதைச் சொல்கிறேன்.

பஃபரிங் என்று போன் செய்பவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் "சுத்துது", "நிக்குது", "இழுக்குது" என்பார்கள். இன்னொரு வகை உண்டு: "படம் ஓடுது தம்பி, ஆனா மேகம் மூடுன மாதிரி இருக்கு." அதையும் பஃபரிங் என்றே எங்கள் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். உண்மையில் அங்கே தொட்டி காலியாகாமல் இருக்கத்தான் இயக்கி தரத்தைக் குறைத்திருக்கிறது. மங்கல் வேறு, நிற்றல் வேறு. மங்கினால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

பாதி வீட்டில் கம்பி நன்றாகத்தான் இருக்கும், வைஃபைதான் பிரச்சினை. வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர் பங்களாவில் ரௌட்டரை முன்கூடத்தில் வைத்துவிட்டு, கடைசி அறையில் டிவி பார்த்தால் எப்படி? 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரில் செத்துப்போகும், 2.4 கொஞ்சம் தாண்டும். வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து டிவிக்கு நேராக லேன் கம்பி செருகிப் பார்த்தாலே யார் குற்றம் என்று தெரிந்துவிடும். அக்கா வீட்டிலும் முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், கோபிக்கக் கூடாது. அத்தை சொன்னது பாதிதான் சரி. வட்டம் சுற்றும்போது பெட்டி சும்மா இல்லை. காலியான தொட்டியை அப்போதுதான் மும்முரமாக நிரப்பிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷில் 'பஃபரிங்' என்று திரையில் எழுதியவன் பொய் சொல்லவில்லை, பெட்டி செய்கிற வேலையைச் சொன்னான். பார்க்கிற நமக்குத்தான் அது நின்றுபோனதாகத் தெரிகிறது.

கூடலூரிலிருந்து, ஞாயிறு மாலை

ஒரு வரிதான். தாங்கல் என்றதும் எனக்கு மனத்தாங்கல்தான் நினைவுக்கு வருகிறது. டிவி முன்னால் அதற்குக் குறைவில்லை என்பதால் பொருத்தம்தான் என்றும் தோன்றுகிறது.

'திக்கல்' மட்டும் கண்டிப்பாக வேண்டாம். என் அண்ணன் மகனுக்குப் பேச்சுத் திக்கும். வீட்டில் எல்லோரும் பார்க்கும் திரையில் ஒரு கோளாறின் பெயராக அந்தச் சொல் வந்தால் அவன் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோத்தகிரியிலிருந்து, திங்கள் இரவு

முதலில் கூடலூர் தோழிக்கு: திக்கல் போயிற்று. எழுதும்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குன்னூர் தம்பிக்கு: லேன் கம்பி செருகிப் பார்த்தேன். படம் முழுதும் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, கடிதமும் பிரிந்தது. ரௌட்டர் இப்போது சமையலறை அலமாரிமேல் உட்கார்ந்திருக்கிறது. சேவைக்காரரைத் திட்டி எழுதிவைத்திருந்த அரைப் பக்கத்தை அழித்துவிட்டேன். ஒரு புகார் மட்டும் மிச்சம். நேற்று கிரிக்கெட்டை நேரலையில் பார்த்தோம். கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் "அவுட்" என்று கத்தி அரை நிமிடம் கழித்துத்தான் எங்கள் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கினார். இதுவும் தாங்கலின் வேலைதான்: கையிருப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பின்னால் இருப்போம். இருப்பைக் குறைத்தால் ஆட்டம் சீக்கிரம் வரும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். அந்தப் பின்னடைவுக்குச் 'சுணக்கம்' என்ற நல்ல சொல் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஐயாவுக்கு: தாங்கலை எடுத்துக்கொள்கிறேன். வேதியியலில் ஒரு சொல், கணினியில் ஒரு சொல் என்று பிள்ளைகளை அலைக்கழிக்காமல் இருப்பதே பெரிய ஆதாயம். 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய சங்கத்தின் பெயரே 'தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்'. அந்தப் பரிபாஷை பிறகு கலைச்சொல் ஆனது. அதுபோல இடையகமும் மெல்ல ஒதுங்கினால் யாருக்கும் நட்டமில்லை. நிரல் எழுதுபவர்கள் அதையே வைத்துக்கொள்ள விரும்பினால் நான் சண்டைக்கு வரமாட்டேன், என் கவலை திரையில் வரும் சொல்.

தம்பி சொன்னதுதான் என்னை இரண்டு நாள் படுத்தியது. பெட்டியின் பக்கமிருந்து பார்த்தால் நிரப்பல், நம் பக்கமிருந்து பார்த்தால் நிற்றல். நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு பெயர்ச்சொல். ஆனால் தமிழில் யாரும் இதற்குப் பெயர்ச்சொல்லைச் சொல்லவே இல்லை. தம்பி கொடுத்த பட்டியலைப் பாருங்கள்: சுத்துது, நிக்குது, இழுக்குது. எல்லாம் வினை. அத்தை சொன்னதும் அப்படித்தான், "சுத்துது". ஆங்கிலத்தின் 'இங்' வாலுக்கு இணையாக ஒரு 'தல்' தேடித்தான் நாம் 'இடையகப்படுத்தலில்' போய் விழுந்தோம்.

அதனால் கோப்பில் இப்படி மாற்றியிருக்கிறேன். அமைப்புகளில் இருப்பின் அளவைச் சொல்லும் இடத்தில் 'தாங்கல் அளவு: 30 நொடி'. வட்டம் சுற்றும்போது திரையில் 'தாங்கல் நிரம்புகிறது…', பக்கத்தில் எத்தனை விழுக்காடு என்று எண். படம் இடையில் நின்றதைக் குறிக்கும் பதிவேட்டில் 'தாங்கல் வற்றியது, 3 முறை'. வற்றல் என்று பெயராக்கிப் பார்த்தேன், மோர்மிளகாய் வாசம் அடித்தது, விட்டுவிட்டேன். பேச்சில் மக்கள் சுத்துது என்றே சொல்லட்டும். அதைத் திருத்த நாம் யார்?

மங்கலுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. வரத்துக்கு ஏற்பத் தரத்தை இயக்கியே ஏற்றி இறக்குவதற்கு 'தகவமைப் பிட்வீதம்' என்று யாரோ முன்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "மறுபடி சொல்லு" என்றார். மூன்றாவது முறை நானே நிறுத்திக்கொண்டேன். 'தரம்: தானாக' என்று போட்டால் போதுமா, இல்லை வேறு ஏதாவது இருக்கிறதா? அடுத்த ஞாயிறுக்குள் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் கோப்பை அனுப்பவேண்டும். இங்கே மழை பிடித்துவிட்டது, கரண்ட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டது, இதை இப்போதே அனுப்பிவிடுகிறேன்.