மெயின், கிராஸ் நரம்புகள்: பாவு, ஊடை என்றே சொல்லலாமே

வணக்கம்.

இறகுப்பந்து மட்டைக்கு வீட்டிலேயே நரம்பு கட்டப் பழகுகிறவர்களுக்கான கையேட்டில், மட்டையின் நீளவாக்கில் ஓடும் மெயின் நரம்பு, அகலவாக்கில் ஓடும் கிராஸ் நரம்பு இரண்டையும் 'செங்குத்து நரம்பு', 'கிடை நரம்பு' என்று போடலாம் என்று போன மடலில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரில் மாட்டிய மட்டைக்கு அந்தப் பெயர் பொருந்தும். கட்டும்போது மட்டை எங்கே நிற்கிறது? நரம்பு கட்டும் பொறியின் மேல் படுக்கவைத்து ஆறு இடத்தில் தாங்கு கொடுத்து இறுக்கிவிட்டு, ஒரு நரம்பை இழுத்ததும் மேடையைத் திருப்பி அடுத்ததை எதிர்ப்பக்கமாக இழுக்கிறோம். புதிதாகப் பழகுகிறவர் அந்த நேரத்தில் எதைச் செங்குத்து என்று நினைப்பார்?

'நெடுக்கு, குறுக்கு' இதைவிட நல்ல இணை, எல்லோருக்கும் பழகியதும்கூட. ஆனாலும் அது நரம்பு ஓடும் திசையை மட்டும்தான் சொல்கிறது. எது முதலில் போக வேண்டும், எது எதற்குள் நுழைய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை, பழகுகிறவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் 22 மெயின் நரம்புகளை நடுவிலிருந்து தொடங்கி இடமும் வலமுமாக இழுத்துக் கட்டுகிறோம். அப்போது அவை ஒன்றையொன்று தொடாமல் இணையாக விறைத்து நிற்கும். அதன் பிறகு கிராஸ் நரம்பு ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று நுழைந்து போகும், அதற்கடுத்த வரி இதற்கு நேர்மாறாகப் போகும். இது நெசவேதான். உலக இறகுப்பந்து கூட்டமைப்பின் ஆட்ட விதியே நரம்புப் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும், நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மாறி மாறிப் பின்னியோ ஒட்டியோ இருக்க வேண்டும் என்கிறது. காஞ்சிபுரத்திலும் சென்னிமலையிலும் தறியில் உட்காருகிறவருக்கு முதலில் நீட்டி இழுத்துக் கட்டுவது பாவு, அதன் ஊடாகப் போவது ஊடை. இவ்வளவு பொருத்தமான இணை கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வானேன்?

நான் இதை அகராதியைப் புரட்டிக் கண்டுபிடிக்கவில்லை. முதல் மட்டையைக் கட்டும்போது பதினோராவது வரியை இழுத்து முடித்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், எட்டாவது வரியில் ஓரிடத்தில் நரம்பு இரண்டு மெயின்களுக்கு மேலாகத் தாவிப் போயிருந்தது. மூன்று வரியை அவிழ்த்து, எட்டாவதையும் உருவி மறுபடி கோத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் சித்தி, தறி தெரிந்தவர், "ஊடை தப்பியிருக்குடா" என்றார். அதற்கு முன் அவர் மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என்ன பிழை என்று சொல்ல அவருக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். தறியில் ஊடையை எடை வைத்து இழுப்பதில்லை. மட்டையிலோ ஊடையைப் பாவைவிட ஒன்றிரண்டு பவுண்டு கூடுதலாகவே இழுப்பது வழக்கம், ஏனென்றால் பாவை இழுத்து முடித்ததும் சட்டத்தின் தலை கொஞ்சம் குட்டையாகி அகன்றுவிடும், ஊடைதான் அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. சரி, இந்த ஒரு வேறுபாடு இருக்கிறது. இருந்தாலும் வரிசையும் பின்னலும் ஒன்றுதானே. "பாவு 24, ஊடை 26" என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது! "ஊடையை விறுவிறுவென்று ஒரே இடத்தில் இழுக்காதே, பாவில் அறுத்துத் தடம் விழும், வில்லாக வளைத்து இடத்தை மாற்றிக்கொண்டே இழு" என்ற எச்சரிக்கையும் இந்தச் சொற்களில் தெளிவாக வருகிறது.

ஸ்ட்ரிங் என்பதற்கு 'நரம்பு' போதும். கம்பி வேண்டாம், அது உலோகத்தை நினைவூட்டும், இங்கே இருப்பது பெரும்பாலும் 0.65 முதல் 0.70 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான். யாழுக்கு நரம்பு என்றார்கள், நரம்பிசைக் கருவி என்று இன்றும் சொல்கிறோம், குழப்பம் வராது. களத்தில் எல்லோரும் 'கட்டிங்' என்கிறார்கள், அது குடலைக் குறிக்கும் 'gut' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. முன்பு விலங்குக் குடலில் செய்த நரம்பைத்தான் மட்டையில் கட்டினார்கள். காதில் விழும்போது நம் 'கட்டு' போலவே ஒலிப்பதால் 'நரம்பு கட்டுதல்' என்பதைப் பேச்சில் யாரும் தடுமாறாமல் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் டென்ஷன். இதற்குப் பாடநூலில் உள்ள 'இழுவிசை' சரிதான், ஆனால் ஒரு சொல் போதாது என்பது என் எண்ணம். பொறியில் நாம் குறிப்பது ஒன்று, கட்டி முடித்த மட்டையில் மிஞ்சுவது வேறொன்று. நரம்பு நெகிழும், நரம்பைப் பிடித்திருக்கும் கவ்வி சற்று வழுக்கும், முடிச்சு போடும் இடத்தில் கொஞ்சம் இழப்பு, முதல் நாளிலேயே இன்னும் இறங்கும். 24 பவுண்டில் கட்டிய மட்டை 24 பவுண்டாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இல்லை என்றதும் பொறியைச் சந்தேகிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொறியில் குறிப்பதை இழுவிசை என்றும், விரலால் தட்டினால் ஒலியில் தெரிவதை விறைப்பு என்றும் பிரித்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செருப்புத் தைப்பவரின் குத்தூசி அப்படியே இங்கும் குத்தூசிதான். கிளாம்ப் என்பதற்குக் கவ்வி. பொறியோடு சேராமல் பக்கத்து நரம்பையும் சேர்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகத் தாவிப் போகும் வகையைப் 'பறக்கும் கவ்வி' என்று மொழிபெயர்க்க வேண்டாம், 'தாவு கவ்வி' என்னலாம். எடையை நகர்த்தி இழுவிசை குறிக்கும் மலிவான பொறியில்தான் பெரும்பாலோர் வீட்டில் தொடங்குகிறார்கள், அது வெள்ளிக்கோல் என்ற பழைய தராசின் தத்துவமேதான். கோல் படுக்கைவாட்டில் நின்றால்தான் குறித்த அளவு கிடைக்கும், ஏறியோ இறங்கியோ நின்றால் குறையும். ஆகவே 'எடைக்கோல் பொறி'.

எனக்கு இன்னும் பிடிபடாதது குரோமெட். சட்டத்தின் துளையில் செருகி, கார்பன் விளிம்பு நரம்பை அறுக்காமல் காக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குழல். 'துளைக்குழல்' என்று எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் அது துளையிடும் குழல் என்றும் பொருள்படுகிறது. தறிப் பக்கமோ தையல் பக்கமோ இதற்கு நெருக்கமான சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், அதுவரை கையேட்டில் குரோமெட் என்றே விட்டுவைக்கிறேன்.