ஒளிர்குறி எதிர்ப்பொருள்: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

இரத்த உயிரணுக்களை இனம்பிரிக்க உதவும் ஃப்ளூரசன்ட் ஆன்டிபாடிக்கு ‘ஒளிரும் எதிர்ப்பொருள்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சுருக்கமான சொல், வாயிலும் எளிதாக வருகிறது. ஆனால் இங்கே ஒளிர்வது எதிர்ப்பொருள் அல்ல. எதிர்ப்பொருள் ஒரு புரதம். தனக்குரிய மூலக்கூறைத் தேடிப் பற்றிக்கொள்வதுதான் அதன் வேலை. ஒளிர்வது அதனுடன் வேதிப்பிணைப்பால் சேர்த்த வேறொரு பொருள். 1941இல் அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் கூன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்து காட்டியது இந்த இணைப்பைத்தான். பற்றுவது ஒன்று, காட்டுவது இன்னொன்று. ஆய்வகத்தில் இரண்டையும் தனித்தனியாகவே மாற்றுகிறார்கள்: சிடி4 என்ற உயிரணு மேற்பரப்பு மூலக்கூறைப் பற்றும் அதே எதிர்ப்பொருள் ஒரு குப்பியில் பச்சை ஒளி தரும் எஃப்ஐடிசி என்ற பொருளோடு வரும், இன்னொரு குப்பியில் ஆரஞ்சு ஒளி தரும் ஃபைகோஎரித்ரினோடு வரும். இந்தப் பிரிவு சொல்லிலேயே தெரியவேண்டும். அதனால் என் பரிந்துரை ‘ஒளிர்குறி எதிர்ப்பொருள்’.

‘சாயமேற்றிய எதிர்ப்பொருள்’ என்றும் ஒரு யோசனை உண்டு. அது வேண்டாம் என்பேன். சாயம் என்றதும் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி, லீஷ்மன் சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறைதான் நினைவுக்கு வரும். அந்தச் சாயம் எல்லா வெள்ளணுக்களிலும் ஏறும். வெள்ளணுக்களில் இரு வகைகளான டி செல்லையும் பி செல்லையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. அந்த இரண்டையும் பிரிப்பதற்குத்தானே இந்த எதிர்ப்பொருள்கள் வேண்டியிருக்கின்றன! போதாததற்கு, ஃபைகோஎரித்ரின் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். அதைச் சாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘ஒளிர்’ மட்டும் போதுமா, ‘உடனொளிர்’ என்று வேண்டாமா? தூண்டும் ஒளி நின்றதும் தானும் நின்றுவிடுவது இந்த ஒளிர்வு. அதற்குப் பிறகும் தொடர்வது நின்றொளிர்தல். இயற்பியலில் இந்த வேறுபாடு அவசியம். இங்கே, எதிர்ப்பொருள் ஒட்டிய உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் பாயவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், ஒவ்வொரு உயிரணுவும் லேசர் கதிரைக் கடப்பது மைக்ரோநொடிக் கணக்கில். அடுத்தது வருமுன் முந்தையதன் ஒளி அடங்கிவிட வேண்டும். நின்றொளிரும் பொருளுக்கு இந்த வேலையில் இடமே இல்லாததால் குழப்பமும் வராது. ‘ஒளிர்’ போதும்.

உண்மையான சிக்கல் ‘குறி’யில் இருக்கிறது. உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள சிடி3, சிடி19 போன்றவற்றை மார்க்கர் என்கிறோம். அதைக் ‘குறிப்பான்’ என்று எழுதினால், ஒரே பத்தியில் குறியும் குறிப்பானும் மாறிமாறி வந்து வாசகரைத் தடுமாற வைக்கும். இது வெறும் சொல் நெருடல் அல்ல. ஒன்று நாம் பொருத்துவது. மற்றது உயிரணு தானே தாங்கி நிற்பது. இரண்டும் கலந்தால் சோதனையே தலைகீழாகப் புரியும். எனவே மார்க்கருக்குப் ‘பரப்படையாளம்’ என்று வைத்துக்கொள்ளலாம். டி செல்லின் பரப்படையாளம் சிடி3, பி செல்லுக்குச் சிடி19, மானோசைட் என்ற வெள்ளணுவுக்குச் சிடி14. சிடி எண்களைத் தமிழாக்க வேண்டியதில்லை. 1982இல் பாரிஸில் தொடங்கிய பன்னாட்டுப் பட்டறைகள் ஒழுங்குபடுத்திய வரிசை அது, அப்படியே இருக்கட்டும்.

இலங்கை நண்பர்கள் ஆன்டிபாடியைப் பிறபொருளெதிரி என்கிறார்கள். அவர்களுக்கு ‘ஒளிர்குறிப் பிறபொருளெதிரி’. முன்பாதி மாறாமல் பொருந்துகிறது. இரு வழக்கும் அருகருகே வாழலாம்.

அப்புறம், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பெயர். ‘ஓட்ட உயிரணு அளவியல்’ என்றால் உடலுக்குள் நடக்கும் குருதியோட்டத்தை அளப்பதுபோல் தோன்றுகிறது. ‘பாய்ம’ என்று தொடங்கினால் திரவத்தையே அளப்பதாகிவிடும். கருவியில் நடப்பது வேறு: உறைபோல் ஒரு திரவம் நாற்புறமும் சூழ்ந்து வர, நடுவே உயிரணுக்கள் ஒற்றை வரிசையில் பாய்கின்றன. லேசர் பட்டு முன்பக்கம் சிதறும் ஒளி பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளிருக்கும் துகள்தன்மையையும் உணர்த்தும். பாய்வு என்பது இங்கே வழிமுறை. அதனால் ‘பாய்வுவழி உயிரணு அளவியல்’. 1960களின் இறுதியில் ஜெர்மனியில் இந்தக் கருவியின் ஒளிர்வை அளக்கும் வகை உருவானபோது மின்துடிப்பை வைத்துத்தான் அதற்குப் பெயரிட்டார்கள். பாய்வு பெயருக்குள் வந்தது பிற்பாடுதான். மூலப்பெயரே ஒருமுறை மாறியிருக்கும்போது நாமும் தயங்காமல் திருத்தலாம்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “மாதிரியுடன் சிடி3, சிடி4 ஒளிர்குறி எதிர்ப்பொருள்கள் சேர்க்கப்பட்டன, இரு பரப்படையாளங்களும் கொண்ட உயிரணுக்கள் பாய்வுவழி உயிரணு அளவியல் மூலம் எண்ணப்பட்டன.” எனக்கு உறுத்தாமல் ஓடுகிறது.

ஒரு குறியின் ஒளி மற்றதன் உணரிக்குள் புகுவதை ‘ஒளிக்கசிவு’ என்றும், அதைக் கணக்கிட்டுக் கழிப்பதை ‘கசிவுத் திருத்தம்’ என்றும் சொல்லலாம். கேட்டிங்குக்கு ‘வாயிலிடல்’ எனக்குப் பிடிக்கவில்லை. உயிரணுக்கள் புள்ளிகளாக விழும் வரைபடத்தில் ஒரு கூட்டத்தைச் சுற்றிக் கோடிட்டுப் பிரிக்கிறோம், வாயில் எதுவும் இல்லை. ‘எல்லையிடல்’ சரியாக வருமா என்று இந்தக் கருவியில் பழகியவர்கள் சொல்லுங்கள்.