பொருள்: 'க்ளிமா' – தட்பவெப்பமா, நிலமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பிரான்ஸ் பயணக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. எனக்கு முன் இதைத் தொட்டவர், "பர்கண்டியின் 1,247 தட்பவெப்பநிலைகள் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன" என்று எழுதி வைத்திருக்கிறார். மூலத்தில் இருப்பது 'க்ளிமா'. எல்லை வகுத்துப் பெயரிட்ட திராட்சை நிலத்துக்கு அங்கே வழங்கும் சொல் அது. தமிழில் என்ன சொல்லலாம்?
– சென்னை

ஐயா, தேடவே வேண்டாம். நிலமும் பொழுதும் சேர்ந்தது முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. 'முதல்நிலம்' என்று போடுங்கள். இன்னொன்று: கிரேக்கத்தில் 'க்ளிமா' என்றால் சரிவு என்பார்கள். நான் நம்பவில்லை. கிழமை என்றால் உரிமை. நிலக்கிழார், கிழவன் எல்லாம் அந்த வேர்தான். கிழமை – க்ளிமா. காதைத் தீட்டிக் கேளுங்கள்.
– நெல்லை

நெல்லையாருக்கு: பர்கண்டியின் க்ளிமாக்களில் ஒன்றான குளோ த வூஜோ என்ற திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிஸ்டெர்சியக் கிறித்தவத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சுற்றுமதில் 1336 வாக்கில் முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சி வரை மடத்துச் சொத்து. 1889-இல் பங்கு பிரியத் தொடங்கி, இன்று சுமார் 50 ஹெக்டேருக்கு ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். உங்கள் 'கிழமை' 80 துண்டாகியும் க்ளிமா ஒன்றாகவே இருக்கிறதே! 'முதல்நிலமும்' ஒட்டாது. மாளிகை நிற்கும் மேட்டில் சுண்ணாம்புக் கல் மேல் மெல்லிய மண். சாலையோரப் பள்ளத்தில் களிமண், மழை பெய்தால் நீர் வடியாது. மதிலுக்குள்ளேயே மண் இரண்டு விதம், பெயர் மட்டும் ஒன்று.
– புதுவை

சோழர் கல்வெட்டுகளில் வயல்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு; 'செறு' என்று முடியும். செறுத்தல் என்றால் அடைத்தல். மதிலடைத்த தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? மடத்து நிலம், தேவதானம் (கோயில் நிலம்), இறையிலி (வரியில்லா நிலம்)... தனி மடலே எழுதலாம்.
– குடந்தை

எழுத வேண்டாம் அண்ணா, வியாழன் வந்துவிடும். செறு நீரைத் தேக்கும் சேற்று வயல். கொடிக்கு நீர் வடிய வேண்டும். பள்ளத்துக் களிமண்தான் வூஜோவின் குறை. அதையே பெயராக வைப்பதா? எங்கள் ஊரில் மானாவாரி நிலம் காடு: மேட்டுக்காடு, பள்ளக்காடு. 'கொடிக்காடு' என்றால் குழந்தைக்கும் புரியும்.
– கோவை

கோவைக்குப் புரியும். மற்றவர்கள் புலி தேடுவார்கள். டெல்டாவில் 'தாக்கு' என்போம். ஒரே தாக்காகக் கிடக்கும் நிலம்.
– தஞ்சை

"பர்கண்டியில் 1,247 தாக்குகள்" என்று அச்சிட்டால் போர்ச் செய்தியாகிவிடும்.
– சென்னை

எல்லோரும் 'திராட்சை' என்று எழுதுகிறீர்கள், அது வடசொல். யாழ்ப்பாணத்தில் இன்றும் முந்திரிகை என்றே சொல்கிறோம். முதலில் இதைத் தீர்த்துவிட்டு நிலத்துக்கு வாருங்கள்.
– யாழ்ப்பாணம்

தங்கையே, இங்கே முந்திரி என்றால் பாயசத்தில் போடுவது. பயணி பாவம்.
– கோவை

யவனர் தந்த தண்கமழ் தேறலைப் புறநானூறு பாடியிருக்கிறது. அரிக்கமேட்டில் மது வந்த சாடிகளின் ஓடுகளே கிடைத்திருக்கின்றன. ஒயினுக்குத் தேறல் என்றாவது எழுதக் கூடாதா?
– நெல்லை

ஐயா, கேட்டது நிலத்துக்கு.
– சென்னை

பெயரிட்ட நிலம் என்ற பொருளில் 'பெயர்நிலம்' போதும் என்று நால்வர் சொல்கிறார்கள். ஆர்வத்தால் அல்ல, அலுப்பால். நானும் அதில் ஒருவன். 'க்ளிமா' என்று முதலில் எழுதி, 'பெயர்நிலம்' என்று ஒரு முறை விளக்கிவிடுங்கள்.
– புதுவை

அப்படியே அனுப்பிவிட்டேன். நன்றி. திராட்சை திராட்சையாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்து அம்மா மன்னிக்க வேண்டும்.
– சென்னை

மன்னிக்கவில்லை.
– யாழ்ப்பாணம்

'பெயர்நிலம்' என்றால் பெயர்ந்துபோன நிலம் என்றும் படிக்கலாமே, கவனித்தீர்களா? என் வாக்கு இன்னும் செறுவுக்குத்தான். இறையிலி பற்றிய மடல் நாளை வரும்.
– குடந்தை