பழைய கேம்புக்கை அப்படியே மறுபதிப்பு போடுறதுக்குப் பேரு மறுமலர்ச்சியா?

கறுப்புப்பகடை:
நாமளே முடிவெடுத்து, அதுக்கேத்த எண் போட்ட பத்திக்குத் தாவித் தாவி ஆடுற கதைப் புத்தகம்தான் கேம்புக். அதுல ஃபைட்டிங் ஃபேண்டஸி வரிசை திரும்ப வந்துருச்சு, லோன் வுல்ஃப் வரிசை திரும்ப வந்துருச்சுன்னு எல்லாரும் கொண்டாடுறாங்க. எனக்கும் சந்தோஷம்தான், ஆனா வந்ததுல பெரும்பகுதி பழைய புத்தகத்துக்குப் புது அட்டை. 1982ல ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் ஃபைட்டிங் ஃபேண்டஸியோட முதல் புத்தகம் 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' எழுதினப்போ அது பெரிய சாதனை, ரெண்டு பகடை, ஒரு பென்சில், 400 பத்தி, கதையில நீதான் ஹீரோ, தனியா உக்காந்து ஆடலாம். ஆனா அந்த விதிகள்ல இருக்கிற கோளாறு 40 வருஷம் கழிச்சும் அப்படியே அச்சாகுது.

கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்கில்லுக்கு, அதாவது சண்டைத் திறமைக்கு, ஒரு பகடை உருட்டி 6 கூட்டணும், அதாவது 7ல இருந்து 12 வரைக்கும் எது வேணா வரலாம். சண்டையில ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு ரெண்டு பகடை உருட்டி அவங்கவங்க ஸ்கில்லோட கூட்டணும், யாருக்கு அதிகமோ அவங்க அடிச்சதா கணக்கு, வாங்குனவருக்கு ஸ்டாமினா, அதாவது உயிர்பலம், 2 குறையும். உங்களுக்கு 7 வந்து எதிரிக்கு 12 இருந்தா ஒரு சுற்றுல நீங்க அடிக்கிற வாய்ப்பு நூத்துக்கு அஞ்சு சொச்சம், எதிரி அடிக்கிற வாய்ப்பு நூத்துக்குத் தொண்ணூறு. அதே வரிசையில வந்த 'டெத்ட்ராப் டஞ்சன்'ல ஸ்கில் 11, 12ன்னு மிருகங்க வரும். முதல் பத்தியைப் படிக்கிறதுக்கு முன்னாடியே அந்த ஒரே உருட்டல்ல ஆட்டம் முடிஞ்சுபோச்சு. இதுல நம்ம முடிவுக்கு என்ன வேலை இருக்கு? திரும்பக் கொண்டு வர்றதா இருந்தா இதைச் சரி பண்ணிட்டுக் கொண்டு வரணும்.

பென்சில்மேப்:
தம்பி, நீங்க சொல்ற வார்லாக் புத்தகத்தோட முன்னுரையிலயே எழுதியிருக்கு, சரியான பாதை ஒண்ணு இருக்கு, அதுல ஆபத்து ரொம்பக் குறைவு, பகடையில எவ்வளவு கம்மியா வந்தாலும் அந்தப் பாதையைக் கண்டுபிடிச்சா தாண்டிடலாம்னு. அதுதான் அந்தப் புத்தகம் உங்களுக்கு வைக்கிற புதிர். பெரிய எதிரியோட மோதி ஜெயிக்கிறது ஒரு வழி, அவன் இருக்கிற கதவைத் திறக்காம போறது இன்னொரு வழி. எந்தக் கதவுன்னு எப்படித் தெரியும்? போன தடவை அங்க செத்ததால தெரியும். கையில மேப் வரையணும், எந்தத் திருப்பத்துல என்ன இருந்துச்சுன்னு குறிச்சு வைக்கணும். கடைசியில புதையல் பெட்டியைத் திறக்கச் சாவி வேணும், சாவியில இருக்கிற நம்பரைக் கூட்டினா எந்தப் பத்திக்குப் போகணும்னு வரும், தப்பான சாவி எடுத்திருந்தா பெட்டி திறக்காது. அந்த நம்பர் புத்தகத்துல வேற எங்கேயும் எழுதியிருக்காது, நீங்க நடந்து சேர்த்தாத்தான் உண்டு. 1982லயே இப்படி யோசிச்சிருக்காங்க. இதைப் போயி கோளாறுன்னு சொன்னா எனக்கு மனசு கேக்கல.

கறுப்புப்பகடை:
சார், சாவி விஷயம் அற்புதம், அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா முன்னுரையில கொடுத்த வாக்கை அடுத்தடுத்த புத்தகங்கள்ல காப்பாத்தலையே. டெத்ட்ராப் டஞ்சன்ல சரியான பாதையில போனாலும் பெரிய சண்டையைத் தவிர்க்க முடியாது, ஒரு ரத்தினத்தை விட்டுட்டா கடைசிக் கதவுல முடிஞ்சுது. பாதையும் ஒண்ணேதான் இருக்கணும், அதுல பகடையும் கருணை காட்டணும்னா என்ன ஆகுது? ஆடுறவங்க நிறைய பேர் சண்டையில ஜெயிச்சதா வச்சுக்கிட்டு அடுத்த பத்திக்குப் போறாங்க. விரலை நடுவுல செருகி வச்சுக்கிட்டு, பிடிக்கலைன்னா பழைய பக்கத்துக்கு ஓடிடுறாங்க. இந்தப் புத்தகங்களை நேசிக்கிற கூட்டத்துலயே பாதிப்பேர் அப்படித்தான் ஆடியிருக்காங்கன்னா விதியில ஏதோ சரியில்லன்னுதானே அர்த்தம்.

ஓநாய்ப்பாதை:
நீங்க ரெண்டு பேரும் ஃபைட்டிங் ஃபேண்டஸி மட்டும்தான் கேம்புக் உலகம்ங்கிற மாதிரி பேசுறீங்க. இந்தக் கோளாறுக்கு 1984லயே ஜோ டெவர் பதில் எழுதிட்டாரு. லோன் வுல்ஃப்ல பகடையே வேணாம், புத்தகத்துப் பின்பக்கம் 0ல இருந்து 9 வரைக்கும் எண்கள் நிறைஞ்ச ஒரு அட்டவணை, கண்ணை மூடிக்கிட்டு பென்சிலை வச்சா எந்த எண்ணோ அதுதான். சண்டையில ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அடி விழும், உங்க பலத்துக்கும் எதிரி பலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து அட்டவணை எவ்வளவுன்னு சொல்லும். முக்கியமா, ஆரம்பத்துல ஹீரோவோட 'காய்' (Kai) போர்த்துறவிக் கூட்டத்தோட பத்து வித்தைகள்ல அஞ்சை நீங்களே தேர்ந்தெடுக்கணும். ஆறாவது அறிவை எடுத்தவங்களுக்கு ஒரு கதை, விலங்குகளோட பேசற வித்தையை எடுத்தவங்களுக்கு வேற கதை. ஒரு புத்தகத்தை முடிச்சா அதே ஆள், அதே வாள், ஒரு வித்தை கூடுதலா அடுத்த புத்தகத்துக்குப் போவார். அவர் பிழைக்கணும்னு பதைபதைப்போட பக்கம் திருப்புவீங்க, ஏன்னா கூடவே நாலு புத்தகம் நடந்து வந்த ஆள். ஃபைட்டிங் ஃபேண்டஸியில செத்தா என்ன, அடுத்த நிமிஷம் வேற ஒருத்தனை உருட்டிக்கலாம்.

இன்னொண்ணு. மறுமலர்ச்சின்னு பேசும்போது பதிப்பகங்களையே பேசுறோம். 1998ல 28வது புத்தகத்தோட லோன் வுல்ஃப் நின்னு போச்சு. அடுத்த வருஷமே டெவர் தன்னோட புத்தகங்களை இணையத்துல இலவசமா வெளியிட ரசிகர்களுக்கு அனுமதி கொடுத்தாரு, அதுதான் ப்ராஜெக்ட் ஏயான். ஒரு எழுத்தாளர் உயிரோட இருக்கும்போதே இப்படித் தூக்கிக் கொடுக்குறது எவ்வளவு பெரிய மனசு! ரசிகர்கள் உக்காந்து தட்டச்சு பண்ணி, எந்தப் பத்தியில எண் தப்பா இருக்குன்னு கண்டுபிடிச்சுத் திருத்தினாங்க. 2016ல டெவர் இறந்தப்புறம் அவர் விட்டுட்டுப் போன குறிப்புகளை வச்சு மகன் பென்னும் வின்சென்ட் லசாரியும் வரிசையை மேல கொண்டு போனாங்க. கடையில அட்டை மின்னுறதுக்கு முன்னாடி நடுவுல இருந்த அந்த வருஷங்கள்ல உயிரைப் பிடிச்சு வச்சது இந்த மாதிரி ஆளுங்கதான்.

பென்சில்மேப்:
அக்கா, ஏயான் ஆளுங்களுக்குக் கோயிலே கட்டலாம், அதுல மறுபேச்சு இல்ல. ஆனா நீங்க சொன்ன தொடர்கதை ஏற்பாட்டுலயும் ஒரு சிக்கல் இருக்கு. முதல் புத்தகத்துல இருந்து ஆடிட்டு வந்தவன் கையில சொம்மர்ஸ்வெர்ட் வாள் இருக்கும், அவனுக்கு நடுப் புத்தகங்கள் சப்புன்னு இருக்கும். நடுவுல ஒரு புத்தகத்தை எடுத்து ஆரம்பிச்சவன் அதே எதிரிகிட்ட உதை வாங்கிச் சாவான். ரெண்டு பேருக்கும் ஒரே புத்தகம் எப்படி நியாயமா இருக்கும்? தனிப் புத்தகமா இருந்தா எழுதுறவருக்கு எல்லாம் கைக்குள்ள இருக்கும்.

திருப்பிவிடு:
எல்லாரும் பேப்பர்லயே நிக்கிறீங்களே, நான் இந்தப் புத்தகங்களுக்குள்ள வந்ததே ஃபோன் வழியாதான். 2013ல இங்கிள் கம்பெனி ஸ்டீவ் ஜாக்சனோட 'சோர்சரி' வரிசையை ஆப்பா கொண்டு வந்துச்சு, 2016க்குள்ள நாலு பாகமும் முடிச்சுட்டாங்க. மேப் மேல உங்க பொம்மையை நகர்த்தணும், போன இடத்துல எல்லாம் கதை விரியும், தப்பு பண்ணிட்டா பின்னாடி போய் அங்க இருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். கறுப்புப்பகடை சொன்ன அந்தப் பக்கத்துல விரல் செருகுற வேலையை அவங்க ஒளிச்சு வைக்கல, விதியாவே ஆக்கிட்டாங்க. சண்டையிலயும் பகடை இல்ல, எதிரி என்ன பண்ணப் போறான்னு எழுத்துல ஒரு குறிப்பு வரும், அதைப் படிச்சு ஊகிச்சு அடிக்கணும். படிக்கிறதையே சண்டையா மாத்தினதை விட நல்ல மறுமலர்ச்சி வேற என்ன வேணும்?

பென்சில்மேப்:
ஐயோ நண்பா, சோர்சரியைச் சொல்லிட்டீங்க, இனி நான் சும்மா இருக்க முடியாது. அந்தப் புத்தகத்துல 48 மந்திரம், ஒவ்வொண்ணும் மூணு எழுத்து. விதி என்னன்னா மந்திர ஏட்டைப் பயணம் கிளம்புறதுக்கு முன்னாடி மனப்பாடம் பண்ணணும், கிளம்பினதுக்கு அப்புறம் திருப்பிப் பார்க்கக் கூடாது. ஒரு இடத்துல உங்க முன்னாடி அஞ்சு மந்திரம் வரும், அதுல சிலது அப்படி ஒரு மந்திரமே கிடையாது, சும்மா மூணு எழுத்து. நீங்க சரியாப் படிக்காம அதைத் தேர்ந்தெடுத்தா ஸ்டாமினா போச்சு. இன்னும் சிலதுக்குப் பொருள் வேணும், தேன்மெழுகு மாதிரி, கூழாங்கல் மாதிரி. ஒரு மந்திரவாதி தன் வித்தையை நிஜமாவே படிச்சு வச்சிருக்கணும்னு வாசகனையே மந்திரவாதியா ஆக்கின புத்தகம் அது. ஆப்ல எழுத்துங்க வானத்துல மிதக்குது, எந்த மூணைச் சேர்த்தா மந்திரம் ஆகும்னு அதுவே காட்டிடுது. அழகா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா மனப்பாடம் பண்ணின உழைப்பு போச்சு, அதோட சேர்ந்து அந்தப் பெருமையும் போச்சு.

திருப்பிவிடு:
பெருமை உங்களுக்கு, சார். மனப்பாடம் பண்ணச் சொன்னதாலயே முதல் பாகத்தை மூடி வச்சவங்களும் இருக்காங்க, அவங்க நாலாவது பாகத்தோட 800 பத்திக்குப் போயிருக்கவே மாட்டாங்க. ஆப் வந்ததால கதையோட கடைசியில வர்ற அந்தக் கோட்டை வரைக்கும் போனவங்க எத்தனையோ பேர். புத்தகம் படிக்கப்படணுமா, பூட்டி வைக்கப்படணுமா?

கோட்டோவியம்:
குறுக்க வர்றேன். விதி, பகடை, ஆப் எல்லாம் சரி, படத்தைப் பத்தி ஒருத்தர் கூட வாயைத் திறக்கலையே. வார்லாக்குக்கு ரஸ் நிக்கல்சன் வரைஞ்ச கருப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்திருக்கீங்களா, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு தோல் சுருக்கமும் தனித்தனிக் கோடு, ஒரு பக்கத்தை அஞ்சு நிமிஷம் பார்க்கலாம். டெத்ட்ராப் டஞ்சன் படங்கள் இயன் மெக்கெய்க், பின்னாடி ஸ்டார் வார்ஸ்ல டார்த் மால் உருவத்தை வடிவமைச்ச அதே ஆள். சோர்சரிக்கு ஜான் பிளான்ச், அந்த மனுஷன் கோடு அழுகல் நாத்தம் அடிக்கும், அவ்வளவு உயிரு. 2017ல ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் ஃபைட்டிங் ஃபேண்டஸி வரிசையை எடுத்தப்போ உள்படம் எல்லாத்தையும் மாத்திப் போட்டாங்க, இப்போ இருக்கிற பசங்களுக்குப் பிடிக்கும்னு. எனக்கு அதுல பயமே வரல. படம் இந்தப் புத்தகத்துல அலங்காரத்துக்கு இருக்கிறது இல்ல. எதிரியைப் பார்த்துட்டு ஓடலாமா நிக்கலாமான்னு முடிவு எடுக்கறது அந்தப் படத்தை வச்சுத்தான். சில இடத்துல படத்துக்குள்ளயே துப்பு ஒளிஞ்சிருக்கும். படத்தை மாத்தினா ஆட்டத்தையே மாத்தின மாதிரி.

கறுப்புப்பகடை:
கோட்டோவியம் சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன், படத்தைத் தொட்டிருக்கக் கூடாது, விதியைத்தான் தொட்டிருக்கணும்! மாத்த வேண்டியதை விட்டுட்டு மாத்தக் கூடாததை மாத்தினாங்க.

நான் மறுமலர்ச்சின்னு எதைச் சொல்றேன்னு தெளிவாச் சொல்லிடறேன். 1995ல டேவ் மோரிஸும் ஜேமி தாம்சனும் 'ஃபேபிள்டு லேண்ட்ஸ்' ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு புத்தகமும் ஒரு நாடு, எல்லை தாண்டினா அடுத்த புத்தகத்துல இன்ன பத்திக்குப் போன்னு வரும், திரும்பியும் வரலாம். முடிவுன்னு ஒண்ணு கிடையாது, கப்பல் வாங்கி வியாபாரம் பண்ணலாம், ஒரு ராஜாவைக் கவுக்கலாம், இன்னொருத்தனைக் காப்பாத்தலாம். நீங்க செஞ்சதைப் புத்தகம் ஞாபகம் வச்சுக்கும், பக்கத்துல இருக்கிற கட்டத்துல டிக் போடணும், சில காரியம் செஞ்சா ஒரு சங்கேதச் சொல் கிடைக்கும், நாள் கழிச்சு வேற ஊர்ல 'அந்தச் சொல் உன்கிட்ட இருக்கா'ன்னு கேக்கும். 12 புத்தகம் திட்டம் போட்டு ஆறோட நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் ஏழாவது புத்தகம் வந்தது 2018ல, வாசகர்கள் கிக்ஸ்டார்ட்டர்ல பணம் போட்டு, பால் கிரெஸ்டி எழுதி. 20 வருஷத்துக்கு மேல காத்திருந்து காசு கொடுத்து ஒரு உலகத்தை மேல கட்டியிருக்காங்க. இதுக்குத்தான் மறுமலர்ச்சின்னு பேரு. ஜோனதன் கிரீன் 2007ல எழுதின 'ஹவுல் ஆஃப் தி வேர்வுல்ஃப்' எடுத்துக்கோங்க, அதே ஃபைட்டிங் ஃபேண்டஸி விதிதான், ஆனா ஒரே பாதைன்னு கழுத்தைப் பிடிக்காது, நீங்க ஓநாயா மாற மாற உங்க பலமும் கூடும் ஆபத்தும் கூடும். பழைய விதியை வச்சே புதுசா எழுதலாம்ங்கறதுக்கு அது சாட்சி.

பென்சில்மேப்:
வேர்வுல்ஃப் விஷயத்துல உங்க பக்கம்தான் நானும். ஃபேபிள்டு லேண்ட்ஸ்ல எனக்கு ஒரு குறை உண்டு, எங்க வேணா போகலாம்னு விட்டதால எங்க போறோம்ங்கிற பதற்றமே இல்லாம போயிடுது. மலைக்கு அடியில ஒரே ஒரு கதவு, உள்ள போனா ஒண்ணு ஜெயிக்கணும் இல்ல சாகணும்ங்கிற அந்த மூச்சடைப்பு திறந்த உலகத்துல எப்படி வரும்? ஃபைட்டிங் ஃபேண்டஸியில லக்னு ஒரு அதிர்ஷ்ட எண் உண்டு, அதைச் சோதிச்சா ஒவ்வொரு தடவையும் லக் ஒண்ணு குறையும்னு ஒரு சின்ன விதி இருக்கு பாருங்க, இப்பவே செலவு பண்ணலாமா, கடைசிக்கு வச்சுக்கலாமான்னு ஒவ்வொரு பத்தியிலயும் மனசு அடிச்சுக்கும். இறுக்கமான புத்தகத்துல மட்டும்தான் அது வேலை செய்யும்.

முதல்பத்தி:
வணக்கம், ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன். நான் இதுவரைக்கும் ஒரு கேம்புக் கூட ஆடினது இல்ல, என் பொண்ணுக்குப் பத்து வயசு ஆகுது, ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிக்கணும்னு ஆசை. எதுல இருந்து ஆரம்பிக்கலாம்? ஆப்பா புத்தகமா?

ஓநாய்ப்பாதை:
லோன் வுல்ஃப் முதல் புத்தகம், 'ஃப்ளைட் ஃப்ரம் தி டார்க்'. ப்ராஜெக்ட் ஏயான்ல இலவசமாவே இருக்கு. வித்தைகளைப் பொண்ணே தேர்ந்தெடுக்கட்டும், நீங்க சொல்லிக் கொடுக்காதீங்க. 350 பத்தி, ஒரு சாயங்காலத்துல முடிக்கலாம், முடிச்சா ரெண்டாவதைக் கேப்பா.

பென்சில்மேப்:
வார்லாக், பழைய படங்களோட இருக்கிற பதிப்பு கிடைச்சா. மேப்பைப் பொண்ணு வரையட்டும், பகடையை நீங்க உருட்டுங்க. முதல் தடவை குழப்பப் பாதையில மாட்டிக்கிட்டு ரெண்டு பேருக்கும் எரிச்சல் வரும், அப்போ விட்டுடாதீங்க, மேப்பைப் பார்த்துத் திரும்ப நடங்க.

கறுப்புப்பகடை:
வார்லாக்தான்னா ஒரு திருத்தத்தோட ஆடுங்க மேடம், ஸ்கில்லுக்குப் பகடை உருட்டாம நேரா 10 வச்சுக்கோங்க. குழந்தை முதல் உருட்டல்ல தோக்கக் கூடாது.

பென்சில்மேப்:
உருட்டட்டும் தம்பி. 7 வந்தா எந்தக் கதவைத் திறக்கக் கூடாதுன்னு அவளே யோசிப்பா.

கறுப்புப்பகடை:
யோசிக்கட்டும் சார், ஆனா 9க்குக் கீழ வந்தா ஒரு தடவை மறுபடி உருட்டலாம்னு வைங்க. இதுக்கு மேல நான் இறங்க மாட்டேன்.