கேன்ட்ரி லோடரில் ஆர்ஜே45 நிற்கவே மாட்டேன் என்கிறது, எம்12 போட்டால் எந்த கோடிங் எடுப்பது?

ஓசூர்_மெயின்டனன்ஸ்
எல்லோருக்கும் வணக்கம். வாகன உதிரிபாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் பராமரிப்பு பார்க்கிறேன். இரண்டு சிஎன்சி லேத்துக்கு நடுவில் ஒரு கேன்ட்ரி லோடர் (மேலே தண்டவாளத்தில் ஓடி உதிரியை எடுத்து வைக்கும் இயந்திரம்) ஓடுகிறது. அதன் நகரும் தலையில் ஒரு ரிமோட் ஐஓ (சென்சார் சிக்னல்களைச் சேர்த்து அனுப்பும் மாட்யூல், ப்ரொஃபிநெட் என்ற தொழிற்சாலை ஈதர்நெட்டில் ஓடுவது), ஆறு ப்ராக்ஸிமிட்டி சென்சார்கள், உதிரியைச் சரிபார்க்க ஒரு கிகாபிட் கேமரா. எல்லாக் கேபிளும் டிராக் செயின் (தலையோடு வளைந்து நகரும் கேபிள் சங்கிலி) வழியாக பேனலுக்கு வருகிறது.

பிரச்சினை இதுதான். வாரத்தில் இரண்டு மூன்று முறை தலை பக்கம் கம்யூனிகேஷன் போய் மெஷின் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் இரவு ஷிஃப்டில். ஆபரேட்டர் ஏறிப் போய் ஆர்ஜே45 பிளக்கை (சாதாரண நெட்வொர்க் பிளக்) ஒருமுறை அழுத்தினால் உடனே வந்துவிடும். மூன்று முறை பிளக்கை மாற்றிவிட்டோம். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தும் பார்த்தோம், கூலன்ட் புகை அதற்குள்ளும் போய் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்துவிடுகிறது. இப்போது சப்ளையர் எல்லாவற்றுக்கும் எம்12 (திருகிப் பூட்டும் வட்டக் கனெக்டர்) டி கோடிங் (பின்னும் சாவி மேடும் அமைந்திருக்கும் விதம்) என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். விலை பல மடங்கு. மேலே கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் இங்கே கேட்கிறேன். கேமராவுக்கும் டி கோடிங் சரிதானா? ஐபி67 (தூசி, தண்ணீர் புகாமைக்கான தர எண்) என்று போட்டிருந்தால் கூலன்ட்டுக்குப் போதுமா?

கோவை_பேனல்
கேமராவுக்கு டி கோடிங் வேண்டாம், ஆர்டர் போவதற்கு முன் நிறுத்துங்கள். டி கோடிங்கில் நான்கு பின்தான், அதாவது இரண்டு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வரைக்கும் அது போதும், ப்ரொஃபிநெட் ஐஓவுக்கு அதுவே சரியான தேர்வு. ஆனால் கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதற்கு எம்12 எக்ஸ் கோடிங், எட்டு பின், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் உலோகத் தடுப்பு இருக்கும், கேட் 6ஏ நெட்வொர்க் கேபிள் தரம், 10 கிகாபிட் வரை தாங்கும். சில கேமராக்களில் எட்டு பின் ஏ கோடிங் சாக்கெட்டும் வருகிறது, அதனால் கேமராவின் டேட்டா ஷீட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சென்சார்களுக்கு ஏ கோடிங், அதில் குழப்பமே இல்லை. 24 வோல்ட் சப்ளைக்கு எல் கோடிங் இருக்கிறது, 16 ஆம்பியர் வரை. கோடிங் வேறு வேறாக இருப்பதில் ஒரு பெரிய வசதி, தவறான இடத்தில் செருகவே முடியாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் அந்தச் சாவி மேட்டை அரத்தால் தேய்த்துச் செருகி, 24 வோல்ட்டை சிக்னல் பின்னில் ஏற்றி ஒரு மாட்யூலையே எரித்துவிட்டார். அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

ஆர்ஜே45 ஏன் நிற்கவில்லை என்று மேலே கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு. உள்ளே மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். தலை ஒவ்வொரு முறை வேகமெடுத்து நிற்கும்போதும் அந்தத் தொடுமுனை மைக்ரான் கணக்கில் உரசிக்கொண்டே இருக்கும், தங்கப் பூச்சு தேயும், அடியில் இருக்கும் உலோகம் ஆக்ஸைடு ஆகும். அழுத்தினால் லிங்க் வருவதும் அதனால்தான், அந்தப் படலம் கொஞ்சம் விலகுகிறது. மறுபடி சேரும். பேனலுக்குள் ஆர்ஜே45 இருக்கட்டும், அங்கே அது நல்ல பொருள். பேனல் சுவரில் எம்12க்கும் ஆர்ஜே45க்கும் இடையில் ஒரு ஃபீட்த்ரூ (சுவரின் இரு பக்கத்தையும் இணைக்கும் சாக்கெட்) போட்டுக்கொள்ளுங்கள்.

சேலம்_சர்வீஸ்
பேனல் நண்பர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கனெக்டரை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள் சார். டிராக் செயினில் என்ன கேபிள் போட்டிருக்கிறீர்கள்? ஆபீஸ் பேட்ச் கார்டு என்றால் எம்12 போட்டாலும் இதே கதைதான். பிவிசி உறை கூலன்ட் எண்ணெயில் விறைத்து வெடிக்கும், உள்ளே கம்பி வளைந்து வளைந்து அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிளக்கை அசைக்கும்போது கேபிளும் சேர்ந்து அசைகிறதல்லவா, அதனால் எல்லோரும் பிளக்கைத்தான் குறை சொல்வோம்.

ஒரு சோதனை. மெஷினை ஜாக் மோடில் வைத்து தலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்துங்கள், சுவிட்சில் கேமரா போர்ட்டின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் 1000லிருந்து 100க்கு இறங்கினால் ஒரு ஜோடி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல சுவிட்சுகள் இரண்டு ஜோடி நன்றாக இருந்தால் 100இல் ஓட்டிக்கொண்டு போகும், லிங்க் விளக்கு எரியும், கேமரா படம் மட்டும் விட்டுவிட்டு வரும்.

பியூஆர் (பாலியூரித்தேன்) உறை, டிராக் செயினுக்கு என்றே செய்த கேபிள் வாங்குங்கள். ப்ரொஃபிநெட்டில் இதை டைப் சி என்பார்கள், டைப் ஏ அசையாத இடத்துக்கு மட்டும். வளைவு ஆரம் என்ன என்று டேட்டா ஷீட்டில் இருக்கும், உங்கள் செயினின் ஆரம் அதைவிடக் குறைவாக இருந்தால் எந்தக் கேபிளும் நிற்காது.

புதுசு_ஆட்டோமேஷன்
ஒரு ஜோடியில் ஓடும் சிங்கிள் பேர் ஈதர்நெட் பற்றி எங்கும் பேசுகிறார்களே, இதற்கு அது ஆகாதா?

கோவை_பேனல்
இங்கே ஆகாது தம்பி. அதில் அதிகம் பேசப்படும் 10பேஸ்-டி1எல் 1000 மீட்டர் வரை போகும், ஆனால் வேகம் 10 எம்பிபிஎஸ்தான். தூரத்தில் இருக்கும் பிரஷர், லெவல் கருவிகளுக்கு அது அருமை. கேமராவுக்கு இல்லை.

ஓசூர் நண்பரின் ஐபி67 கேள்வி விட்டுப்போயிற்று. முதல் எண் 6 தூசிக்கு, இரண்டாவது 7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு. சோதனை தண்ணீரில், எண்ணெயில் இல்லை. அதனால் ஓ-ரிங், உறை இரண்டும் உங்கள் கூலன்ட்டைத் தாங்குமா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்த எண் முழுதாக முறுக்கிய நிலைக்குத்தான். ரிமோட் ஐஓவில் சும்மா இருக்கும் போர்ட்டுக்கெல்லாம் மூடி போட வேண்டும், ஒரு போர்ட் திறந்திருந்தாலும் கூலன்ட் அதன் வழியாக மாட்யூலுக்குள் போய்விடும்.

ஓசூர்_மெயின்டனன்ஸ்
நேற்று சேலம் சார் சொன்ன சோதனையைச் செய்தேன். இரண்டாவது லேத் பக்கம் தலை போனதும் போர்ட் 100க்கு இறங்குகிறது, திரும்பி வந்தால் 1000. கேபிளை வெளியே எடுத்து நீவிப் பார்த்தால் ஓரிடத்தில் கொழகொழவென்று இருக்கிறது. சாதாரண பிவிசி பேட்ச் கார்டுதான், மெஷின் வந்ததிலிருந்தே அதுதான் இருந்திருக்கிறது. மூன்று பிளக்கை வீணாக மாற்றியிருக்கிறோம்.

கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஐஓவுக்கு டி, கேமராவுக்கு எக்ஸ், சப்ளைக்கு எல், எல்லாம் பியூஆர். கேமராவில் எக்ஸ் சாக்கெட் இருப்பதையும் பார்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று, கையால் முறுக்கினால் போதுமா?

சேலம்_சர்வீஸ்
போதாது. பெரும்பாலான எம்12க்கு 0.6 நியூட்டன் மீட்டர்தான், அதற்கென்று சின்ன டார்க் ரென்ச் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். பிளையர் போட்டால் ஓ-ரிங் நசுங்கும், கையால் மட்டும் விட்டால் அதிர்வில் கழன்று வரும். செயினின் இரு முனையிலும் கேபிளை டையால் கட்டிவிடுங்கள், இழுவை கனெக்டர் மேல் விழக் கூடாது. சர்வோ மோட்டார் கேபிள் அதே செயினில் போகிறது என்றால் நடுவில் தடுப்பு வைத்து டேட்டா கேபிளை மறு ஓரத்துக்குத் தள்ளுங்கள், பேனலுக்குள் குறைந்தது ஒரு சாண் இடைவெளி. கேபிளின் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) எர்த்தில் படுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள்.