பிழைத்திருத்தியில் 'ஆம்பிகுவஸ் லொகேஷன்': கவரிடமா, இடமயக்கமா?

அன்பர்களே,

நிரலில் பிழை தேட உதவும் ஜிடிபி என்ற பிழைத்திருத்தியின் (டிபக்கர்) தமிழாக்கச் செய்திக்கோப்பை வெள்ளி இரவுக்குள் ஏற்றியாக வேண்டும். 'ஆம்பிகுவஸ்' (எதைக் குறிக்கிறது என்று உறுதியாகாதது) வரும் 6 சரங்கள் (செய்தித் தொடர்கள்) மட்டும் முடிவாகாமல் நிற்கின்றன. சூழல் இது: இரண்டு அடைவுகளில் (கோப்புறைகளில்) யூடில்.சி என்று ஒரே பெயரில் கோப்பு. பயனர் அதன் 42 முதல் 60 வரையிலான வரிகளைக் காட்டச் சொல்கிறார். எந்த யூடில்.சி என்று தெரியாததால் ஜிடிபி, "தொடக்க வரி ஆம்பிகுவஸ்" என்று சொல்லிப் பொருந்துகிற கோப்பையும் வரி எண்ணையும் அடுக்கிவிட்டு நின்றுவிடும். இப்போதைக்குத் 'தெளிவற்ற இடம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

-----

> தெளிவற்ற இடம்

இடம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக! மங்கலாகத் தெரிவதைத்தான் தெளிவற்றது என்போம். இங்கே நடப்பது கவர்த்தல். கவர்வழி, கவடு, கவட்டை எல்லாம் ஒரே வேர். சங்கப் பாடல்களில் 'கவலை' என்றாலே கிளைபிரியும் வழி. அங்கே நின்று திகைத்தவனுக்கு வந்ததுதான் பிற்பாடு மனக்கவலை ஆயிற்று என்பது என் துணிபு. 'கவரிடம்' என்று வையுங்கள்.

-----

ஐயா, 'கவரிடம்' என்று திரையில் பார்ப்பவர் 'அவரிடம்' போல ஏழாம் வேற்றுமையாகப் படிப்பார். அதுவும் தபால் கவரிடம். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் பொருள்மயக்கம். தொல்காப்பியத்தில் 'வேற்றுமை மயங்கியல்' என்று ஓர் இயலே உண்டு. 'இடமயக்கம்' போதும்.

-----

> இடமயக்கம் போதும்

'இடமயக்கம் ஏற்பட்டது' என்றால் கருவி தலைசுற்றி விழுந்ததாக நினைப்பார்கள். அது போகட்டும். சொல்லைவிட முக்கியமான சிக்கல், நாம் இரண்டு நிலைமைகளைக் குழப்புகிறோம்.

வரிகளைக் காட்டும்போது தொடக்கம் ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டு பொருந்தினால் மயக்கம். ஆனால் யூடில்.சி:42 (அதன் 42ஆம் வரி) என்று நிறுத்துப்புள்ளி (நிரலோட்டம் அங்கே நிற்கும்படி வைக்கும் குறி) வைத்தால் ஜிடிபி தயங்குவதே இல்லை. இரண்டு கோப்புகளிலும் வைத்துவிட்டு 1.1, 1.2 என்று பட்டியலில் காட்டும். அங்கே மயக்கம் ஏது? பன்மை மட்டுமே. அதற்குப் 'பல இடங்கள்' என்றே எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், நிறுத்துப்புள்ளி விழவே இல்லை என்று பயனர் நினைத்து மறுபடி வைப்பார்.

-----

இந்தப் பிரிவை இலக்கணம் எப்போதோ செய்துவிட்டது. பலபொருள் ஒருசொல் இருவகை: வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது. 'மா பூத்தது' என்றால் மரம் என்று வினையே காட்டிவிடும். 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா? சொல்பவன்தான் தெரித்துச் சொல்ல வேண்டும். ஆகவே 'பலவிட ஒருபெயர்'.

காட்சியையும் இதே கண்ணால் பாருங்கள். கோப்புப் பெயரைத் தொடர்புப் பாதை, முழுப்பாதை, வெறும் பெயர் என்று மூன்று விதமாகக் காட்டும் அமைப்பு ஜிடிபியில் இருக்கிறது. வெறும் பெயரில் இரண்டு வரியும் 'யூடில்.சி:42' என்றே வரும். பட்டியல் போட்டே பயனில்லை. முழுப்பாதை போட்டால் 80 எழுத்து அகல முனையத்தில் மடிந்து, வேறுபடும் அடைவு கண்ணில் படாது. வேறுபடுகிற இடம் வரைக்கும் பாதையின் வாலைக் காட்டினால் போதும்: 'வலை/யூடில்.சி', 'வட்டு/யூடில்.சி'.

-----

> பாதையின் வாலை

ஒரே கோப்பு, ஒரே வரி, பல நினைவக முகவரி என்று வந்தால் வால் உதவாது. உள்ளிட்டு விரித்த செயற்கூறு (அழைக்கும் இடத்திலேயே பதிக்கப்படும் 'இன்லைன்' வகை) அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் அதே வரிக்கு வேறு முகவரி உண்டு. வார்ப்புருவிலும் (டெம்ப்ளேட்) ஒவ்வொரு தரவுவகைக்கும் தனித்தனி நகல். அங்கே அழைத்த செயற்கூறின் பெயரோ தரவுவகையோ முகவரியோதான் வினைவேறுபாடு. 'பலவிட ஒருபெயர்' நல்ல நூற்பா, பிழைச்செய்தி அன்று. எட்டெழுத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

(பிழைத்திருத்தி பிழையைத் திருத்துவதே இல்லை, காட்டத்தான் செய்கிறது. அதை வேறு இழையில் பேசுவோம்.)

-----

நேரம் இல்லை. நால்வர் 'இடமயக்கம்' பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள், பாதி மனதோடு. மயக்கச் சரங்களில் 'தொடக்க வரியில் இடமயக்கம்', நிறுத்துப்புள்ளிச் சரங்களில் 'பல இடங்கள்' என்று ஏற்றுகிறேன். இடநிரப்பியோடு (கோப்புப் பெயர் வந்து அமரும் குறி) வேற்றுமை உருபை ஒட்டவில்லை. வருகிற கோப்புப் பெயர் எதில் முடியும் என்று தெரியாது, 'யூடில்.சிஇல்' என்று அசிங்கமாக விழும். 'கோப்பு: …, வரி: …' என்று பிரித்தே வைத்தேன். இன்னொன்று: தமிழெழுத்தின் அகலத்தை முனையங்கள் ஒரே மாதிரி எண்ணுவதில்லை, அதனால் பத்திகள் கோணும். இடைவெளி போட்டு நேராக்க முயலாதீர்கள். அடுத்த முனையத்தில் இன்னும் கோணும்.

-----

ஏற்றுங்கள். ஆனால் என் மாற்றுக்கருத்தைச் சொற்பட்டியலின் அடிக்குறிப்பில் சேருங்கள்: கவரிடம். தபால் உறையைத் தமிழில் 'உறை' என்று சொல்லிப் பழகினால் இந்தக் குழப்பமே வராது.